முப்பத்தெட்டாவது குறை

காலை பத்து நாற்பதுக்கு மதிப்பீட்டாளர் ஓர் அதிகாரியைச் சுட்டுக் கொன்றார். பத்து நாற்பத்தொன்றுக்கு அவருடைய விடுப்பிலிருந்து நான்கு விநாடிகள் கழிக்கப்பட்டன.

சுட்டதற்காக அல்ல. சுட்டபின் சிரித்ததற்காக.

இடம்: கணினி விளையாட்டுத் தர மதிப்பீட்டு வாரியம், மூன்றாம் மாடி, ஆட்ட அறை. ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு நாற்காலி. பின்னால் சுவரோரம் இன்னொரு நாற்காலி. அதில் ஸ்டாப்வாட்சும் பதிவேடுமாகக் கவனிப்பாளர். வாரியத்தின் விதி ஆறு தெளிவாகச் சொல்கிறது: மதிப்பீட்டாளர் விளையாட்டை ஆடலாம், அனுபவிக்கலாகாது. சிரித்தாலோ, விசிலடித்தாலோ, நாற்காலி நுனிக்கு நகர்ந்தாலோ அந்த நேரம் வேலை நேரமாகாது. மகிழ்ச்சிப் பதிவேட்டில் ஏறி, விடுப்பில் கழியும்.

"உதடு மட்டும்தானா சார், இல்ல பல்லும் தெரிஞ்சுதா?" என்றார் கவனிப்பாளர், பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு.

"பல்லும்தான். எழுதிக்குங்க."

பதினோரு வருட உத்தியோகத்தில் மதிப்பீட்டாளரின் பல் அந்த அறையில் தெரிந்தது அதுவே முதல் தடவை. அலுவலகத்தில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். எந்த விளையாட்டைக் கொடுத்தாலும் குறை கண்டுபிடித்துவிடுவார். ஆனால் எந்த விளையாட்டின் மீதும் அவருக்குச் சொந்தப் பகை இருந்ததில்லை. இந்த விளையாட்டு வேறு. இதன் வசனம் முழுக்க எழுதியவர் அவருடைய சகலை.

பதினோரு வருடத்துக்கு முன்னால் இருவரும் ஒரே நாளில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, வாரியத்தின் நுழைவுத் தேர்வை எழுதினார்கள். மதிப்பீட்டாளர் தேறினார். சகலை தோற்றார். தேறியவருக்கு மூன்றாம் மாடியில் நாற்காலி கிடைத்தது. தோற்றவர் வேறு வழியில்லாமல் ஒரு விளையாட்டுக் கம்பெனியில் சேர்ந்து, வசனம் எழுதி, பேட்டி கொடுத்து, வாரப் பத்திரிகையின் அட்டையில் மோவாயில் கைவைத்துச் சிரித்தார். தோற்றதற்கு இப்படியொரு பலன் உண்டென்று தெரிந்திருந்தால் தானும் இரண்டு கேள்விகளை விட்டுவிட்டு வந்திருக்கலாமே என்று மதிப்பீட்டாளருக்குப் பல காலைகளில் தோன்றியதுண்டு.

இத்தனைக்கும் கதை எழுதும் ஆசை முதலில் வந்தது அவருக்குத்தான். விண்வெளித் தொடர்கதை ஒன்றை இரண்டு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதி, எட்டுப் பத்திரிகைகளுக்கு அனுப்பியிருக்கிறார். ஒன்பது முறை திரும்பி வந்தது. ஒரு பத்திரிகை இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தது.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆணி விஷயம்தான் பொறுக்கவில்லை.

மாமியார் வீட்டு ஹாலில் ஒரே ஓர் ஆணி. சுவர் கான்கிரீட், இரண்டாவது ஆணி இறங்காது. அந்த ஒற்றை ஆணியில் பதினோரு வருடமாக மதிப்பீட்டாளர் நியமன உத்தரவு வாங்கும் படம் தொங்குகிறது. சகலையின் அட்டைப்படம் ஃப்ரிட்ஜ் கதவில், காந்த வாழைப்பழத்தின் கீழ். போன வாரம் மாமியார் சர்வசாதாரணமாகச் சொன்னார்:

"சின்ன மாப்பிள்ளைக்கு அந்தத் தங்க முத்திரை மட்டும் வரட்டும். ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டிடலாம்."

"எங்க மாட்டுவீங்க அத்தை? ஒரு ஆணிதானே இருக்கு?"

"அதைப் பார்த்துக்கலாம் மாப்பிள்ளை. ஃப்ரிட்ஜ் பெருசுதானே."

தங்க முத்திரை என்பது வாரியம் ஆண்டுக்கு ஒரு விளையாட்டுக்குத் தரும் உச்ச மரியாதை. அதைத் தடுத்தாக வேண்டும். விதி விளையாடிக் கோப்பு நேராக அவர் மேசைக்கே வந்துவிட்டது. உறவு விவரப் படிவத்தில் 'ஆக்கியவர் உமக்கு ரத்த உறவா?' என்று ஒரு கேள்வி. இல்லை என்று எழுதினார். சகலை ரத்த உறவு இல்லை. ரத்தக்கொதிப்பு உறவு.

"ஏங்க, தங்கச்சி போன் பண்ணினா," என்றாள் மனைவி அன்று சாயங்காலம். "அவர் விளையாட்டு உங்க ஆபீஸுக்குத்தான் வந்திருக்காமே? கொஞ்சம் நல்லாப் பாருங்க."

"ரொம்ப நல்லாப் பார்க்கறேன்," என்றார் மதிப்பீட்டாளர்.

விளையாட்டின் பெயர் 'ஒன்பதாம் துறைமுகம்'. நாமே ஒரு பாத்திரமாக உள்ளே போய், நாம் பேசுகிற பேச்சுக்கும் செய்கிற காரியத்துக்கும் தக்கபடி கதை திரும்புகிற ரகம். நீங்கள் ஒரு விண்கலப் பழுதுபார்ப்பவர். உங்கள் கலம் விண்வெளியின் ஒன்பதாவது துறைமுகத்தில் பழுதாகி நிற்கிறது. துறைமுக வாசலில் ஒரு சோதனை அதிகாரி உங்களை நிறுத்தி, அட்டையொன்றை எடுத்து, "உங்க நிறை ஒண்ணு, குறை ஒண்ணு சொல்லுங்க, எழுதிக்கறேன்" என்பார்.

மதிப்பீட்டாளர் அந்த அதிகாரியைப் பார்த்தார். கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது. பேனா மூடியால் காது குடைந்துகொண்டிருந்தார். எதைச் சொன்னாலும் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று இரண்டு தடவை சொன்னார்.

மதிப்பீட்டாளரின் கையிலிருந்த பேனா மூடி காதிலிருந்து மெதுவாகக் கீழே இறங்கியது. நெற்றியிலிருந்த கண்ணாடி மூக்குக்கு வந்தது.

'என்னையே வெச்சுக் கிண்டலா? உலகமே பார்க்கிற மாதிரியா?'

பழுதுபார்ப்பவரின் இடுப்பில் ஒரு பற்றவைப்புத் துப்பாக்கி இருந்தது. அடுத்து நடந்ததைத்தான் முதல் வரியிலேயே சொன்னேனே.

அட்டை நிரப்பப்படாமலே வாசல் திறந்தது. யாரைச் சுட்டாலும் கதை நின்றுவிடாமல் அதற்கேற்ப வளைந்து போகும் என்பது இந்த விளையாட்டின் பெரிய நிறை. மதிப்பீட்டாளர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

பத்தொன்பது வேலை நாட்கள் ஆடினார். நன்றாக இல்லாமலிருக்கக் கூடாதா என்று ஏங்கி ஏங்கி ஆடினார். ஆனால் பாழாய்ப்போன விளையாட்டு நன்றாகவே இருந்தது. பொய் மட்டுமே பேசும் இயந்திர அறைப் பெண் ஒருத்தி. அவளுடைய பொய்களை வரிசையாக அடுக்கினால் கலத்தைப் பழுதுபார்க்கும் வழி கிடைத்தது. முதலாளி செத்தது தெரியாமல் அவருக்குக் கதவு திறக்கக் காத்திருக்கும் ரோபோ ஒன்று. அதனிடம் உண்மையைச் சொல்லலாமா வேண்டாமா என்று தீர்மானிக்க மதிப்பீட்டாளருக்கு ஒரு முழு பிற்பகல் பிடித்தது. ஒவ்வொரு நல்ல வசனத்துக்கும் அவர் வயிற்றில் ஒரு கொள்ளிக்கட்டை விழுந்தது. சிரிப்பு வரும்போதெல்லாம் சகலையின் மோவாயை நினைத்துக்கொள்வார். சிரிப்பு அடங்கிவிடும்.

"சார், கண்ணு கலங்கின மாதிரி இருந்துச்சே, அந்த ரோபோகிட்ட," என்றார் கவனிப்பாளர்.

"தூசி."

"தூசிக்குத் தனிக் கட்டம் இருக்கு சார். அதுல போட்டுடறேன்."

குறைகளை மட்டும் அவர் விடவில்லை. அவையும் இருக்கத்தான் செய்தன. முதுகுப் பையில் ஒரு ஸ்பூன் கூடுதலாகப் போட்டால் பழுதுபார்ப்பவர் கிழவர் மாதிரி ஊர்ந்தார். வரைபடம் நாம் வந்த வழியை மட்டும் காட்டியது. போகிற வழி கேட்டால் வெள்ளையாகச் சிரித்தது. ஒவ்வொரு கதவுக்கும் 'காத்திருக்கவும்'. எதிரிகள் சண்டை நடுவே சுவருக்குள் பாதி புகுந்து அங்கேயே நின்று ஆவேசமாகக் கத்தினார்கள். முடிவோ நாலு படத்தைக் காட்டி அவசரமாகக் கதவைச் சாத்தியது.

எல்லாவற்றுக்கும் மேலே, தலையாய குறையாக, குறை எண் ஒன்றாக, மனப்பூர்வமாகவே இதை எழுதினார்:

'இத்தனை நட்சத்திரங்களுக்கு நடுவே மனம்விட்டுப் பேச ஓர் ஆள் இல்லை. கலத்தில் இரண்டாவது நாற்காலி ஒன்று உள்ளது. அது கடைசிவரை காலியாகவே கிடக்கிறது.'

மொத்தம் முப்பத்தேழு குறைகள். போனால் போகிறதென்று நான்கு நிறைகள். இனி ஆணிக்கு ஆபத்தில்லை என்ற தெம்புடன் கோப்பை எடுத்துக்கொண்டு இரண்டாம் மாடிக்கு இறங்கினார்.

இரண்டாம் மாடியில் இருந்தது சமன் பிரிவு.

அதன் கண்காணிப்பாளர் அம்மாள் கோப்பைப் பிரித்தார். விரலை நனைத்து எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"சார், தராசு சாயுதே. முப்பத்தேழு குறை. நாலு நிறை. மீதி முப்பத்திமூணு நிறை எங்க?"

"இல்ல மேடம். அவ்வளவுதான் இருக்கு."

"இருக்கா இல்லையான்னு நான் கேக்கல சார். விதி பதினொண்ணு, குறையும் நிறையும் சமமா இருக்கணும். இல்லன்னா வாரியம் ஒருபக்கமாப் பேசுதுன்னு ஆயிடும்."

"அப்ப குறையைக் குறைச்சுக்கட்டுமா?"

"ஒரு தடவை எழுதின குறையை எடுக்க முடியாது. மேல விசாரணை வரும், ஆக்கினவர் உங்களுக்கு என்ன கொடுத்தார்னு. குடுங்க இப்படி. இருபத்தியிரண்டு வருஷமா இதைத்தான் பண்றேன். ஒரு குறையைக் காட்டுங்க, அதுக்குள்ளேயே ஒரு நிறை உக்காந்திருக்கும்."

மதிப்பீட்டாளர் கண்ணெதிரே அந்த அம்மாள் முப்பத்திமூன்று நிறைகளை மளமளவென்று எழுதி முடித்தார். பை அதிகம் தாங்குவதில்லை: பயணி எளிமையைக் கற்கிறார். வரைபடம் போகும் வழியைக் காட்டுவதில்லை: வந்த வழியை மறக்கக் கூடாதெனும் நற்பண்பை வலியுறுத்துகிறது. கதவுதோறும் காத்திருப்பு: கண்ணுக்கு ஓய்வு. எதிரிகள் சுவரில் சிக்குகிறார்கள்: வன்முறை குறைவு. இரண்டாவது நாற்காலி காலி:

பேனா ஒரு கணம் நின்றது. மதிப்பீட்டாளருக்கு நம்பிக்கை பிறந்தது.

'உட்கார இடம் தாராளம்' என்று எழுதி, அம்மாள் முத்திரை குத்தினார்.

அடுத்த வாரம் உச்சக் குழு கூடியது. நீள மேசை, பதினான்கு உறுப்பினர்கள், பதினான்கு தண்ணீர் பாட்டில்கள். மதிப்பீட்டாளர் கதவோரமாக, கேட்டால் மட்டும் பேச நின்றார்.

புவியீர்ப்பு உறுப்பினர் ஆரம்பித்தார். "விண்வெளியில ஆளுங்க மிதக்கறாங்களாம். யாரைக் கேட்டு மிதக்கறாங்க?"

"அந்த ஒன்பதாவது துறைமுகம் ஆட்சேபணை இல்லைன்னு கடிதம் கொடுத்திருக்கா?" என்றார் இன்னொருவர்.

"அது கற்பனைங்க ஐயா," என்றார் மதிப்பீட்டாளர்.

"கற்பனைன்னு சான்றிதழ் இருக்கா?"

வாரியத் தலைவர் கையை உயர்த்தினார். அறை அடங்கியது. கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"நண்பர்களே, நான் பதினாறு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். இந்தப் பதினாறு வருஷத்துல ஒரு விளையாட்டைக்கூடத் தொட்டதில்ல. வீட்ல பேரப்பிள்ளை ஆடினாக்கூட முகத்தைத் திருப்பிக்குவேன். ஏன்? தொட்டா பிடிச்சுப்போயிடும். பிடிச்சுப்போனா பாரபட்சம் வந்துடும். ஆடத் தெரியாதவன்தான் நேர்மையா மார்க் போட முடியும்னு நம்பறவன் நான். அந்தச் சுத்தம்தான் என் தகுதி. வேற தகுதி எனக்கு எதுவும் இல்லைங்கறதைப் பெருமையா சொல்லிக்கறேன்."

பலத்த கைதட்டல்.

தலைவர் கோப்பைப் புரட்டினார். புருவம் உயர்ந்தது.

"நிறைகள் முப்பத்தேழா? வாரியத்தோட வரலாற்றிலேயே அதிகபட்சம் எவ்வளவு?"

"ஒன்பது ஐயா," என்றார் செயலாளர். "பெட்டி அடுக்கற விளையாட்டு."

"ஒன்பது எங்க, முப்பத்தேழு எங்க! இதுக்குத் தங்க முத்திரை கொடுக்காம வேற எதுக்குக் கொடுக்கறது?"

கதவோரத்தில் நின்ற மதிப்பீட்டாளர் ஓரடி முன்னால் வந்தார். கேட்காமலே பேசிவிட்டார். "ஐயா! குறையும் முப்பத்தேழு இருக்குங்க ஐயா. அதைக் கழிச்சுட்டா..."

"கழிக்கிறது வேற பிரிவுப்பா. அந்தப் பிரிவுல இருந்தவர் ஓய்வுபெற்று ஆறு வருஷமாச்சு. ஆள் போட்டதும் கழிச்சுக்கலாம்." தலைவர் அவரைக் கனிவோடு பார்த்தார். "நீதானே மதிப்பீட்டாளர்? ஆக்கினவர் உன் சகலைன்னு கேள்விப்பட்டேன். சொந்தக்காரன்னு பார்க்காம, இல்ல இல்ல, சொந்தக்காரன்னும் பார்த்து இவ்வளவு நிறை கண்டுபிடிச்சிருக்கே. என்ன பெருந்தன்மை! விழாவுல பாராட்டுரையை நீயே படி."

படித்தார். விளையாட்டு கடைகளுக்கு வந்து இரண்டு மாதம் கழித்து, ஆயிரம் பேர் நிறைந்த அரங்கில், முதல் வரிசையில் மாமியார், மனைவி, மச்சினி உட்கார்ந்திருக்க, எளிமையிலிருந்து கண் ஓய்வுவரை முப்பத்தேழையும் படித்தார். 'உட்கார இடம் தாராளம்' என்றபோது கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

மேடையேறிய சகலை அவரை அப்படியே கட்டிக்கொண்டார்.

"அண்ணே, நீங்க இப்படிப் பண்ணுவீங்கன்னு சத்தியமா நினைக்கல. அதை விடுங்க. அந்தச் சோதனை அதிகாரியைக் கூட்டிட்டுப் போனீங்கல்ல?"

"எந்த... எங்க கூட்டிட்டுப் போறது?"

"என்ன அண்ணே, விளையாடறீங்க! வாசல்ல காது குடைஞ்சுட்டு நிப்பாரே. குறை நிறையைச் சொல்லிட்டா, 'கலத்துல இடம் இருக்கா'ன்னு கேட்டு அவரும் வந்துடுவார். ரெண்டாவது நாற்காலி அவருக்குத்தானே! ஆட்டத்துல முக்கால்வாசி வசனம் அவர் பேசறதுதான். நாம பரீட்சைக்குப் படிச்சப்போ மொட்டை மாடியில உக்காந்து வாய் ஓயாம கதை சொல்வீங்களே, அந்த ஆளை வெச்சுத்தான் எழுதினேன். ஊரே அவர்மேல பைத்தியமா இருக்கு. நேர்ல பார்க்கணும்னு கடிதமாக் குவியுது. உங்களைப் பத்தி சொல்லட்டுமான்னு கேக்கலாம்னுதான்..."

மதிப்பீட்டாளர் பேனா மூடியைத் தேடிச் சட்டைப்பையைத் தடவினார்.

"பார்க்கலாம்," என்றார். "பார்க்கலாம்."

"ஐயோ, அப்படியே அவர் மாதிரியே சொல்றீங்க!" என்று சகலை உருகினார்.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுக்குப் போனார்கள். ஹாலில் ஆணியில் சகலையும் தங்க முத்திரையும். ஃப்ரிட்ஜ் கதவில், காந்த வாழைப்பழத்தின் கீழ், நியமன உத்தரவை வாங்கியபடி மதிப்பீட்டாளர். தண்ணீர் எடுக்கக் கதவைத் திறக்கிறவர்கள் எல்லோரும் அவரைச் சுவரில் ஒரு மோது மோதினார்கள்.

ஆனால் விசித்திரம், அவருக்கு எரிந்தது ஆணிக்காக அல்ல. முக்கால்வாசி வசனம்! தெருவில் போகிறவன் எல்லாம் கேட்டிருக்கிறான். தான் மட்டும் கேட்கவில்லை. தன்னைப் போலவே காது குடையும் ஒரு மனிதனோடு ஊரே நட்சத்திரங்களுக்கு நடுவே அரட்டையடித்துக்கொண்டு போக, அவர் மட்டும் பத்தொன்பது நாள் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறார். வாழ்க்கையில் முதல்முறையாகச் சகலைமீது மட்டுமல்லாமல், அந்த விளையாட்டை ஆடிய அத்தனை பேர்மீதும் அவருக்குப் பொறாமை வந்தது.

திங்கட்கிழமை முதல் வேலையாக இரண்டாம் மாடிக்குப் போனார்.

"மேடம், குறை எண் ஒண்ணைத் திரும்ப வாங்கிக்கணும். அது என் தப்பு. இன்னொரு தடவை ஆடிப் பார்த்துடறேன்."

"குறை ஒண்ணை எடுத்தா நிறை ஒண்ணையும் எடுக்கணும் சார். அது விளையாட்டுப் பெட்டி மேலயே அச்சாயிடுச்சு." அம்மாள் ஒரு பெட்டியை எடுத்துக் காட்டினார். நட்சத்திரங்களுக்கு நடுவே பொன்னெழுத்தில்: 'உட்கார இடம் தாராளம்! வாரியத்தின் பாராட்டு'. "இந்த வரிக்காகவே வாங்கறாங்களாம்."

"அப்ப மறுபடி ஆட வழியே இல்லையா?"

"புதுசா ஒரு குறை இருக்குமோன்னு சந்தேகம்னு எழுதிக் குடுத்தா ஒரே ஒரு நாள் தருவோம். ஆனா சாயங்காலம் குறையோட வரணும். வெறுங்கையோட வந்தா மேல விசாரணை."

எழுதிக் கொடுத்தார்.

பத்து நாற்பதுக்கு அதே வாசலில் நின்றார். அதே அதிகாரி. நெற்றியில் கண்ணாடி, காதில் பேனா மூடி.

"உங்க நிறை ஒண்ணு, குறை ஒண்ணு சொல்லுங்க, எழுதிக்கறேன்."

மதிப்பீட்டாளர் துப்பாக்கிப் பக்கம் போகவில்லை. நிறைப் பட்டியலில் ஏதோ ஒன்றை அழுத்தினார். எது என்று பார்க்கக்கூட இல்லை. குறைப் பட்டியல் விரிந்தது. கோபம். சோம்பல். பயம். பொறாமை. திரும்பிப் பார்த்தார். கவனிப்பாளர் ஸ்டாப்வாட்ச்சுக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். சட்டென்று நாலாவதை அழுத்தினார்.

அதிகாரி அட்டையில் எழுதப்போனவர் நிறுத்தினார். பேனா மூடியைக் காதிலிருந்து எடுத்தார்.

"பொறாமையா? உண்மையைச் சொல்றவங்களே இந்த வாசல்ல அபூர்வம். எனக்கும் அதேதான் சார். இருபது வருஷமா எல்லாக் கலமும் என்னைத் தாண்டித்தான் போகுது. ஒண்ணுல ஏறத் தோணலையே எனக்கு. அடுத்தவன் போறதை உத்துப் பார்த்துப் பார்த்தே எனக்கு எல்லா வழியும் மனப்பாடம்." குரலைத் தாழ்த்தினார். "கலத்துல இடம் இருக்கா?"

இரண்டாவது நாற்காலி கிரீச்சென்று திரும்பியது. ஆள் உட்கார்ந்தார். துறைமுகத்தின் பெரிய கதவு திறந்து, இருட்டும் வெளிச்சமுமாய் வானம் வந்தது. அதிகாரி பேச ஆரம்பித்தார். அதன்பிறகு அவர் நிறுத்தவேயில்லை. சாப்பாட்டு மணி அடித்தது, மதிப்பீட்டாளர் எழவில்லை. கவனிப்பாளர் பதிவேட்டில் பக்கம் திருப்பினார். பிறகு அடுத்த பக்கம்.

ஐந்தடிக்க ஐந்து நிமிடம். திரை அணைந்தது.

"சார், ஆறு மணி நேரம் பத்து நிமிஷம்," என்றார் கவனிப்பாளர் தயங்கி. "பல்லு, கண்ணு, நாற்காலி நுனி, எல்லாம். ஒரு மணி நேரம் தாண்டினா பத்து மடங்கு கழியும் சார், உங்க விடுப்பு அடுத்த மார்ச் வரைக்கும் போச்சு."

"எழுதிக்குங்க," என்றார் மதிப்பீட்டாளர்.

குறையோடு போயாக வேண்டும். படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். பையின் கனம், வரைபடம், கதவு, எல்லாம் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. இன்று புதிதாக உறுத்தியது ஒன்றே ஒன்றுதான். ஆறு மணி நேரமும் அது நெஞ்சுக்குள் எரிந்துகொண்டேதான் இருந்தது. பதினோரு வருடத்தில் முதல்முறையாக, கலப்படமில்லாத ஒரு குறையை அவர் எழுதினார்:

'குறை எண் 38: இந்த வசனங்களை எழுதியது நான் அல்ல.'

இரண்டாம் மாடியில் அம்மாள் அதை வாங்கிப் படித்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. விதி பதினொன்றின்படி, பக்கத்துக் கட்டத்தில் அதற்குச் சமமானதை எழுதி, ஊதிக் காயவைத்து, முத்திரை குத்தினார்.

'நிறை எண் 38: வசனங்களை மதிப்பீட்டாளர் எழுதவில்லை.'